'த்ரில்லர்' ஆல்பத்துக்கு முதல் சிங்கிள் அந்த டூயட்தானா?

மெட்ரோனோம்:
'பில்லி ஜீன்', 'பீட் இட்' இரண்டும் கையில் இருக்கும்போது, 1982 அக்டோபரில் மைக்கேல் ஜாக்சன் முதல் சிங்கிளாக (ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடும் பாட்டாக) 'தி கேர்ள் இஸ் மைன்' பாட்டை விட்டது ஏன்? பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியோடு பாடிய அந்த டூயட்தான் ஆல்பத்திலேயே சாதுவான பாட்டு. முதல் பாட்டை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பி-சைட்:
அன்றைய அமெரிக்க வானொலியைப் பார்த்தால் புரியும். ராக் நிலையம், கறுப்பின இசை நிலையம், மென்பாட்டு நிலையம் என்று தனித்தனியாகப் பிரிந்து கிடந்தன. 1979-ல் டிஸ்கோ என்ற நடன இசைக்குக் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகு அந்தப் பிரிவு இன்னும் இறுகிவிட்டது. மெக்கார்ட்னி குரல் எல்லா நிலையங்களிலும் நுழையும். அதே 1982-ல் அவரும் ஸ்டீவி வொண்டரும் பாடிய 'எபனி அண்ட் ஐவரி' 7 வாரம் முதலிடத்தில் இருந்ததே! இந்த டூயட்டும் கறுப்பிசைப் பட்டியல், அடல்ட் கான்டெம்பரரி எனும் மென்பாட்டுப் பட்டியல் இரண்டிலும் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவின் பொதுப் பாட்டுப் பட்டியலான ஹாட் 100-ல் 2-ஆம் இடம்.

இன்னொன்று, இவ்வளவு பெரிய இரண்டு பெயர்கள் சேர்ந்த பாட்டை ஆல்பத்துக்குள் விட்டுவைத்தால் நிலையங்கள் தாமாகவே எடுத்துப் போடும். கம்பெனி போட்ட வரிசை குலையும். அதனால் முதலிலேயே வெளியே விட்டார்கள், வீடியோகூட எடுக்கவில்லை. நவம்பர் கடைசியில் ஆல்பம். 1983 ஜனவரியில் 'பில்லி ஜீன்'. அது உச்சிக்குப் போகும் முன்பே பிப்ரவரியில் 'பீட் இட்'. என்னைக் கேட்டால், முதல் பாட்டைவிட இந்த நெருக்கமான வரிசையில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஆல்பத்திலிருந்து வந்த 7 சிங்கிள்களும் டாப் 10-க்குள் போயின.

ஃபீட்பேக்:
அயர்லாந்து ராக் குழுவான யூ2 செய்தது இதற்கு நேர் எதிர். 1991 அக்டோபரில் 'தி ஃப்ளை': குரலே சிதைந்து ஒலிக்கும், கிட்டார் இரைச்சல், பழைய யூ2-வின் சாயலே கிடையாது. பிரிட்டனில் பிரையன் ஆடம்ஸ் 16 வாரமாகப் பிடித்திருந்த முதலிடத்தை அதுதான் பறித்தது. அமெரிக்க ஹாட் 100-ல் 61-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனால் மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம். 'இனி நாங்கள் வேறு' என்று அறிவிப்பது மட்டுமே அந்தப் பாட்டின் வேலை. பின்னால் வந்த 'மிஸ்டீரியஸ் வேஸ்', 'ஒன்' இரண்டும்தான் பொதுக் கேட்பவர்களை இழுத்து டாப் 10-க்குள் போயின.

லூப்:
பின்னால் வருவது தாங்காவிட்டால் அதிர்ச்சி வீண்தான். பியான்சே 2011-ல் 'ரன் த வேர்ல்ட்' பாட்டோடு தொடங்கினார். மேஜர் லேசர் என்ற மின்னிசைக் குழுவின் தாளத்தை வெட்டி எடுத்துக் கட்டிய, மெலடி குறைந்த பாட்டு. ஹாட் 100-ல் 29-ஆம் இடத்திலேயே நின்றது. அடுத்து வந்த மெதுவான உருக்கப் பாட்டு 16-ஆம் இடம். '4' ஆல்பத்தின் உள்ளேயோ பெரும்பகுதி பழைய ஆர் அண்ட் பி. வாசலில் கேட்டது ஒன்று, வீட்டுக்குள் இருந்தது வேறு.

இத்தனைக்கும் 2008-லேயே அவர் நல்ல வழி ஒன்றைக் காட்டியிருந்தார்: 'இஃப் ஐ வேர் எ பாய்', 'சிங்கிள் லேடீஸ்' இரண்டையும் ஒன்றாக விட்டார். ஒன்று உருக்கம், ஒன்று ஆட்டம். முறையே 3-ஆம் இடம், முதலிடம் என்று இரண்டுமே ஏறின. 2024 பிப்ரவரி 11 அன்று, அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நாளில், 'டெக்சாஸ் ஹோல்ட் எம்', '16 கேரேஜஸ்' இரண்டும் சேர்ந்தே வந்தன. ஆல்பம் வந்தது மார்ச் 29.

மெட்ரோனோம்:
நன்றி. டெய்லர் ஸ்விஃப்டின் 'மீ!' எந்த வகை?

பி-சைட்:
தவறான வாசல். 2019 ஏப்ரலில் வந்து 2-ஆம் இடம் பிடித்தது, ஆகவே எண்ணிக்கையில் தோல்வி இல்லை. ஆனால் குழந்தைப் பாட்டு மாதிரி ஒலித்ததால், ஆகஸ்டில் 'லவர்' ஆல்பம் வரும்வரை நாலு மாதம் ஆல்பமே அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் பரவியது. அதே ஆல்பத்தின் 'க்ரூயல் சம்மர்' பாட்டு உள்ளேயே கிடந்தது. 2023-ல்தான் சிங்கிளாகி முதலிடம் போனது. ஸ்ட்ரீமிங் காலத்தில் அப்படித் தாமதமாகவாவது மேலே வர வழி இருக்கிறது. முதல் சிங்கிள் இல்லாமலும் தொடங்கலாம்: பில்லி ஐலிஷ் 2024 மே மாதம் முன்கூட்டி ஒரு சிங்கிளும் விடாமலே முழு ஆல்பத்தையும் வெளியிட்டாரே.