கிடென்ஸோட ஸ்ட்ரக்சரேஷன் தியரிய தோட்டத்து பெரட்டுக்கு எப்டி பொருத்துறது?

சிப்புட்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். மாஸ்டர்ஸ் பண்றேன், மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனை தோட்டத்துலதான் ஃபீல்ட்வொர்க். முன்ன காலையில ஆபீஸ் வாசல்ல பெரட்டு நிக்கும், பேர் கூப்டு யாருக்கு எந்த ஃபீல்டுன்னு மண்டோர், அதாவது வேலைய மேய்க்கிறவரு, சொல்லுவாரு. இப்ப முந்தின ராத்திரியே வாட்சாப் குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டுர்றாரு, ஆளுங்க கட்டைவிரல் எமோஜி ஒண்ண போட்டுட்டு காலையில நேரா மரத்துக்கு போயிர்றாங்க. யூனிவர்சிட்டி சூப்பர்வைசர் இத ஆண்டனி கிடென்ஸ்ங்கற பிரிட்டிஷ் சமூகவியலாளர வெச்சு எழுதச் சொல்றாங்க. அவரோட 1984 புத்தகத்துல இருக்குற அர்த்தம், அதிகாரம், நியாயம்ங்கற மூணு கட்டத்துலயும் என் இண்டர்வியூவ பிரிச்சு போட்டு பாத்தாச்சு, ஆனா புதுசா ஒண்ணும் வெளங்கல லா. இந்த தியரிய வெச்சு உண்மையிலயே என்னதான் கண்டுபிடிக்கிறது?

ஈப்போ_வாசகன்:
அந்த மூணையும் கிடென்ஸ் பிரிச்சது நாம பாக்குற வசதிக்குத்தான், நடப்புல மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னித்தான் கெடக்கும். மண்டோர் ஒரு வரி பேசுனாலே அதுல சேதியும் இருக்கு, அவரு கைல இருக்குற அதிகாரமும் இருக்கு, இப்டித்தான் நடக்கணும்ங்கற மொறையும் இருக்கு. அதனால கட்டத்த விடுங்க. அவரு சொல்ற முக்கியமான விஷயம், விதிமுறையும் வளமும் சேந்ததுதான் ஸ்ட்ரக்சர், அத வெச்சுத்தான் நாம நடந்துக்குறோம், நாம நடந்துக்கிறதாலதான் அதுவும் நெலைக்குது, இல்லன்னா மாறுது.

ஸ்டீபன் பார்லிங்கற ஆராய்ச்சியாளர் 1986-ல எழுதுன கட்டுரைய கண்டிப்பா படிங்க. மாசசூசெட்ஸ்ல ரெண்டு ஆஸ்பத்திரி, ரெண்டுலயும் ஒரே மாதிரி சிடி ஸ்கேனர் வருது, டாக்டரும் டெக்னீஷியனும் தெனம் எப்டி பேசிக்கிறாங்க, யாரு யாருக்கு உத்தரவு போடுறாங்கன்னு மனுஷன் அங்கயே கெடந்து பாத்துருக்காரு. மிஷின் ஒண்ணு, ஆனா வேல அமைப்பு ரெண்டு எடத்துலயும் வேற வேற மாதிரி ஆயிருச்சு. நாள்போக்குல பாத்ததாலதான் அது தெரிஞ்சுது. உங்க கட்டைவிரலையும் அப்டித்தான் பாக்கணும்.

ஓய்வு_கிராணி:
அம்மா, எனக்கு கிடென்ஸெல்லாம் தெரியாது, ஆனா தோட்டம் தெரியும். எங்க தோட்டத்துலயும் இதே கதைதான். கட்டைவிரல் போடலன்னா மறுநாள் உனக்கு ஃபீல்டு இல்ல, இல்லன்னா மேடும் பள்ளமுமா குலை கொறஞ்ச எடமா பாத்து தள்ளிவிட்ருவாங்க. இந்த சட்டத்த யாரு போட்டான்னு கேட்டா தொரைக்கும் தெரியாது, மண்டோருக்கும் தெரியாது, சும்மா பழகிப்பழகி சட்டமாயிருச்சு. நம்ம ஆளுங்க லேசுப்பட்டவங்களா? மண்டோர் வாய்ஸ் வந்ததும் கேக்காமயே கட்டைவிரல போட்டுட்டு தூங்கிருவாங்க, காலையில மண்டோர் வீட்டு வாசல்ல நின்னு "அண்ணே எனக்கு எந்த ஃபீல்டு"ன்னு கேப்பாங்க. கடைசில அங்கயே ஒரு குட்டி பெரட்டு நடக்கும் 😄

ஈப்போ_வாசகன்:
ஐயா ஒரு சாப்டரே குடுத்துட்டீங்க! கீழ இருக்குறவன் கையிலயும் ஏதோ ஒரு பிடி இருக்கும்னு கிடென்ஸ் சொல்றது இதத்தான். யாரும் நெனைக்காத வெளைவு திரும்பி வந்து அடுத்த நாள் நடப்புக்கு நெலைமையா ஆகுறதும் இதுலயே இருக்கு. தங்கச்சி, இன்னொண்ணு. டெக்னாலஜிய ஆராய்ற ஆர்லிகோவ்ஸ்கியோட 2000 கட்டுரைப்படி ஸ்ட்ரக்சர் வாட்சாப் மாதிரி ஆப்-புக்குள்ள இல்ல, பயன்படுத்துறப்பதான் உருவாகுது. அதே துறையில டிசாங்டிஸும் பூலும் 1994-ல சொன்னது வேற, டெக்னாலஜிக்குள்ளயே ஸ்ட்ரக்சர் இருக்கு, ஆளுங்க அத எப்டி எடுத்தாள்றாங்கன்னு பாருன்னு. ரெண்டையும் ஒரே தீசிஸ்ல கலந்தா வைவால மாட்டிப்பீங்க, ஒண்ண புடிங்க.

லயத்துப்_பையன்:
நான் கொஞ்சம் சண்ட போடுறேன். பழகிப்பழகி சட்டமாச்சுன்னு சொல்றது கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா அந்த மண்டோருக்கு பதவி எங்கேருந்து வந்துச்சு? கங்காணி வழியா ஆள் எடுக்குறது 1938-ல இந்தியா தடை போட்டதோட நின்னுச்சு, ஆனா வேல போனா வீடும் போகும்ங்கற நெலம அதுக்கப்புறமும் இருந்துச்சே. இந்த ஹார்வெஸ்டர் பொறக்குறதுக்கு முன்னயே அது இருக்கு, அவன் கட்டைவிரல் போட்டா உண்டாச்சு? மார்கரெட் ஆர்ச்சர்ங்கற சமூகவியலாளர் 1982-லயே கிடென்ஸ பாத்து கேட்ட கேள்வி இதுதான், ஸ்ட்ரக்சரையும் ஆளையும் ஒண்ணா கொழப்பிட்டா எது முந்தி எது பிந்தின்னே பாக்க முடியாதுன்னு. கிடென்ஸ மட்டும் வெச்சுக்கிட்டு தோட்டத்த எழுதுனா தொழிலாளி தலையில பழி விழுந்துரும், பாத்துக்கோங்க.

சிப்புட்_பொண்ணு:
லயத்துப்பையன் சொல்றது குத்துது, இத தனி பகுதியாவே எழுதணும். கட்டைவிரல மட்டும் எடுத்துக்குறேன், ஆர்லிகோவ்ஸ்கி வழியில. ஆனா ஏன் போடுறீங்கன்னு கேட்டா எல்லாரும் "போடணும்ல"ங்கறாங்க, அதுக்கு மேல வாய் தெறக்க மாட்றாங்க.

ஈப்போ_வாசகன்:
அதுவே டேட்டாதான். செய்யத் தெரியும், சொல்லத் தெரியாதுங்கற அறிவப் பத்தி கிடென்ஸ் நெறைய எழுதிருக்காரு. கேள்விய கொறச்சுட்டு காலையில மண்டோர் வீட்டு வாசல்ல போய் நில்லுங்க.

ஓய்வு_கிராணி:
பழைய செக்ரோல் புத்தகம், ஆள் வருகைய பதியுற புத்தகம், ஆபீஸ் ஸ்டோர்ல கெடக்கும்மா, பெரட்டு நின்ன காலத்துல யாரு எந்த ஃபீல்டுல நின்னாங்கன்னு அதுல இருக்கும். மேனேஜருக்கு யூனிவர்சிட்டி லெட்டர மொதல்ல குடு, அப்றம் ஹெட் கிராணிய கேளு. தீவாளிக்கு முன்னயே போயிரு, ஸ்டோர கூட்டுறேன்னு எரிச்சுருவாங்க.