வாடை திரும்பியதும் அம்மாவின் நடை நின்றுவிடுகிறது: நம் கரைக்கு ஏற்ற வழி உண்டா?

மண்டபம் வடகரையான் கேட்கிறார்:

எங்கள் வீடு மண்டபத்தில் வடகடலைப் பார்த்தபடி இருக்கிறது. அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சித்திரை முதல் புரட்டாசி வரை ஆள் நன்றாகத்தான் இருப்பார். விடிவதற்கு முன்பே எழுந்து கரையோரம் நடந்துவிட்டு, வள்ளத்தில் வந்த மீனைப் பார்த்து வாங்கிக்கொண்டு திரும்புவார்.

ஐப்பசியில் வாடை திரும்பிவிட்டால் எல்லாம் நின்றுபோகும். "இந்தக் காற்றில் போனால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தை பிறக்கும்போது சர்க்கரை ஏறியிருக்கும், முழங்கால் பிடித்திருக்கும், குதிகால் வெடித்திருக்கும், இருமல் விடாது. ஒவ்வோர் ஆண்டும் இதே கதை.

நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்குத் துணையாகச் சித்தி இருக்கிறார். குளிர்காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று தேடினால், பனி கொட்டும் தேசங்களுக்கு எழுதியவையே வருகின்றன. உடற்பயிற்சிக் கூடமெல்லாம் அம்மாவுக்கு ஒத்துவராது. வீட்டோடும் கரையோடும் சேர்ந்து, நாள்தோறும் செய்யக்கூடியதாக ஏதாவது சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் அக்கா பதில் சொல்கிறார்:

தம்பி, நான் கிராம சுகாதாரச் செவிலியராக இந்தக் கரையோர ஊர்களில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். உங்கள் அம்மாவைப் போன்றவர்களின் வீடுகளுக்கு நடையாய் நடந்தவள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நம் ஊரில் குளிர் என்பது பெரிதாகக் கிடையாது. தை மாதத்து இரவில்கூட இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நம்மவர்களைப் படுக்க வைப்பது காற்றும் ஈரமும் சாத்திய கதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று மாதம் அசையாமல் உட்கார்ந்திருப்பது. சளியும் காய்ச்சலும் கிருமியால் வருகின்றன. எல்லோரும் ஒரே அறையில் அடைந்து கிடக்கும்போதுதான் அவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகின்றன. அம்மாவிடம் காற்றைப் பற்றி வாதாட வேண்டாம். தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளட்டும், காதை மூடிக்கொள்ளட்டும். ஆனால் வெளியே போகட்டும்.

எங்கே போவது? இரண்டு பக்கமும் கடல் உள்ள மண்டபத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா தம்பி? வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே உங்களுக்கு நிலம் எவ்வளவு அகலம்? வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் குளம்போலக் கிடக்கும். மீனவர்களுக்கு இது பாடம். வடகடலில் தொழில் நின்றால் வள்ளத்தைத் தென்கடலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நடப்பவர்களும் அப்படியே கரையை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். வடகிழக்கிலிருந்து வரும் காற்றை வீடுகளும் பனைகளும் உடைமரங்களும் பாதி வழியிலேயே வாங்கிக்கொள்ளும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது மறுபடியும் வடகரைக்கு வந்துவிடலாம்.

நேரத்தையும் மாற்றச் சொல்லுங்கள். மார்கழியில் விடியற்காலை நடை இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நல்லதல்ல. குளிர்ந்த காற்றில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். வெயில் ஏறிய பிறகு ஏழரை, எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்பதால் வெறும் வயிற்றோடு போக வேண்டாம். முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்திருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே ஒன்றை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மழை விடாத நாளில் என்ன செய்வது? 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் யாரும் கரைக்குப் போக முடியாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரிய கணக்காகத் தெரியும். மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தால் ஐந்தே நாளில் அது வந்துவிடும். அதோடு, சாப்பிட்டதும் நடக்கிற நடைக்குத் தனிப் பலன் உண்டு. இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகள் அப்போதே இழுத்துக்கொள்ளும்.

முழங்காலுக்கு ஒரு நாற்காலி போதும். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். முடியாவிட்டால் முதலில் ஊன்றிக்கொள்ளலாம். பத்து முறை, காலையும் மாலையும். அடுப்படித் திட்டைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். உலை கொதிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வழுக்கும் முற்றத்தில் கீழே விழாமல் காப்பாற்றப்போவது அந்தக் கால்வலுதான்.

இனி குதிகால். இதை மட்டும் தயவுசெய்து சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். நம் கரையில் எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிறோம். மணலில் சிப்பி ஓடு, மீன்முள், நைலான் நரம்புத் துண்டு, தூண்டில் முள் எல்லாம் கிடக்கும். குத்தியது தெரியாது. ஈரத்தில் ஊறி, புண்ணாகி, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். விரலை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்; ஆரம்பம் எல்லாம் இப்படிச் சிறிய முள்தான்.

அதனால் இரவு படுக்கும் முன் சித்தி டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அம்மாவின் பாதத்தைப் பார்க்க வேண்டும். உள்ளங்கால், குதிகால், ஒவ்வொரு விரலிடுக்கு. கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வெடிப்பைப் பிளேடால் சீவ விடாதீர்கள். இதமாக இருக்கிறதே என்று வெந்நீரில் காலை வைப்பதும் ஆபத்து. சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். வெளியே போகும்போது பின்பட்டி வைத்த செருப்பு கட்டாயம், கடற்கரை மணலிலும்கூட.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: வாடைக் காலத்தில் உங்கள் வீட்டில் வாரத்தில் எத்தனை நாள் கருவாடு? பச்சை மீன் வரத்து குறைந்ததும் பானையில் இருக்கும் கருவாடு வெளியே வரும். தொட்டுக்கொள்ள அப்பளம், ஊறுகாய். ஒரு நாள் முழுவதற்கும் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராமுக்குள், போதும் என்பது கணக்கு. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று அது எங்கே நிற்கும்? வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுவதும் போகாது. குளிரும் அழுத்தத்தை ஏற்றுகிறது, கருவாடும் ஏற்றுகிறது. வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்கடலில் சூடை மீன் வரும். விலையும் மலிவு, நல்ல கொழுப்பும் அதில்தான் இருக்கிறது. மீனே இல்லாத நாளில் முட்டை, பாசிப்பயறு, முருங்கைக்கீரை.

தண்ணீர் தாகம் எடுக்காது, ஆனாலும் குடிக்க வேண்டும். மாத்திரையை மழையைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பெயர் பதிந்திருக்கிறதா என்று சித்தியிடம் கேளுங்கள்.

தொண்டி வலைக்காரர் எழுதுகிறார்:

அக்கா சொல்லும் தென்கடல் எங்களுக்குக் கிடையாது. தொண்டியில் எங்கள் முகத்துக்கு நேரேதான் வாடை அடிக்கும். கடலுக்குப் போகாத நாளில் ஆண்கள் செய்வது வலை கட்டுவது. காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுவோம். இடுப்பும் கழுத்தும் கட்டையாகிவிடும். இப்போது நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஊசியில் நூல் தீரும்போதெல்லாம் எழுந்துவிட வேண்டும். கையைத் தலைக்கு மேலே நீட்டி, வலைக் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடுத்த நூலை ஏற்றுவது. கடிகாரம் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. பூக்கட்டுகிறவர்களும் தையல் இயந்திரத்தில் உட்காருகிறவர்களும் இதே முறையைப் பிடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பீடி அதிகமாகும். குளிருக்கு இதம் என்பார்கள். எங்கள் தெருவில் மார்கழி இரவில் இருமல் சத்தம் எந்த வீட்டிலிருந்து வருகிறதென்று பார்த்தாலே தெரிந்துவிடும். தம்பி, அம்மா இருக்கும் அறைக்குள் யாரும் புகைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை வாசகி கேட்கிறார்:

எங்கள் வீட்டில் மழை பிடித்தால் சுக்கு, மிளகு, மல்லி தட்டிப்போட்டுக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சுவோம். பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கும் நிறையச் சாப்பிடுவோம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் கருப்பட்டி கெடுதல் செய்யாது என்கிறார்கள். கொடுக்கலாமா?

தங்கச்சிமடம் அக்கா:

சுக்கு, மிளகு, மல்லி தாராளமாகக் கொடுங்கள் அம்மா. தொண்டைக்கு இதம், சூடாக ஒரு டம்ளர் நீரும் உள்ளே போகும். கருப்பட்டி வேண்டாம். பனையிலிருந்து வந்தாலும் அதுவும் சர்க்கரைதான்; இரத்தத்தில் ஏறத்தான் செய்யும். கருப்பட்டி என்று நம்பி மூன்று வேளை குடித்துவிட்டு, கணக்கு ஏன் ஏறியது என்று தெரியாமல் தவிப்பவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். பனங்கிழங்கு நல்லது, நார்ச்சத்து உள்ளது. ஆனால் மாவுச்சத்தும் உள்ளது. கிழங்கு சாப்பிடும் வேளையில் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தொண்டித் தம்பி புகையைச் சொன்னது நல்லதாயிற்று. கதவை அடைத்துவிட்டுக் கொசுவர்த்தி கொளுத்துவதும், ஈரவிறகில் அடுப்பு எரிப்பதும், சாம்பிராணியை மூட்டமாகப் போடுவதும் இருமலை வளர்க்கும். கொசுவலை கட்டிக்கொண்டு ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள்.

கொசு என்றதும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. டெங்குக் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை, நல்ல தண்ணீரில் பிறக்கிறது. நம் பக்கம் நிலத்தடி நீர் உப்பு என்பதால் குடிநீரைக் குடத்திலும் டிரம்மிலும் நாள்கணக்கில் பிடித்து வைக்கிறோம். முட்டை கொசுவாகச் சுமார் பத்து நாள் போதும். வாரத்தில் ஒரு நாள் டிரம்மைக் கவிழ்த்து, உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெறுமனே கொட்டிவிட்டு நிரப்பினால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும்.

வீட்டுக்கு வெளியே போய்க் கரையைப் பாருங்கள். வாடைக்குக் கரையேற்றிய வள்ளத்துக்குள்ளே அடியில் மழைநீர் நிற்கும். உடைந்த தெர்மாகோல் மீன்பெட்டி, சிரட்டை, பழைய டயர், எல்லாவற்றிலும் நிற்கும். ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் குனிந்து பார்த்தால் புழு நெளிவது கண்ணுக்கே தெரியும். வள்ளத்தைக் கவிழ்த்துப் போடச் சொல்லி நான் தெருத்தெருவாகச் சண்டை போட்டிருக்கிறேன். இன்றைக்கும் போடுவேன்.

மண்டபம் வடகரையான்:

அக்கா, நேற்று இரவே சித்தி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டார். இடது காலில் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே வெள்ளையாக ஊறியிருக்கிறதாம். வலி இல்லை என்கிறார் அம்மா. தென்கரைக்குப் போகச் சம்மதித்திருக்கிறார். அங்கே அவருடைய பழைய தோழி இருக்கிறாராம். அம்மாவுக்குச் சளிக் காய்ச்சலுக்கான தடுப்பூசி போடலாமா? காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பது?

தங்கச்சிமடம் அக்கா:

வலி இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலைக் காட்டச் சொல்லுங்கள். மருந்து தடவும் கட்டத்திலேயே முடிந்துவிடும். அதுவரை அந்த இடுக்கு காய்ந்திருக்க வேண்டும்.

இன்புளுயன்சா தடுப்பூசி ஆண்டுக்கு ஒரு முறை போடுவது. வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதனால் நன்மை அதிகம். மழை தொடங்கும் முன் போட்டுக்கொள்வது நல்லது. கால் காட்டப் போகும்போதே மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தம் பார்க்க வேண்டும். அதுவரை மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். உடம்புவலிக்கென்று கடையில் கேட்டு வேறு மாத்திரை வாங்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் சில வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை அதிகமாக்கும். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதும் வீண். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஆள் மயங்கிக் கிடப்பது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் ஊரில் மின்சாரம் போகும் இரவுகள் இருக்கின்றன. அம்மாவின் கைப்பேசி மாலையிலேயே முழுதாக ஏறியிருக்க வேண்டும். அந்தத் தோழியின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.