பாலிகார்பனேட் தகட்டில் நானோ தூண்கள் முழு உயரத்துக்கு வரவில்லை

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். செல் வளர்ப்புக்கான 50 மி.மீ. சதுரப் பாலிகார்பனேட் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) தகட்டின் ஒரு முகத்தில், 200 நானோமீட்டர் விட்டமும் அதே அளவு இடைவெளியும் 400 நானோமீட்டர் உயரமும் உள்ள தூண்களை, நிக்கல் ஸ்டாம்பர் (தூண்களின் வடிவில் நுண் துளைகள் உள்ள அச்சுத் தகடு) வைத்து, உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் எடுக்க முயல்கிறோம். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பாதி உயரம்கூட எழும்பாமல் மொட்டு மொட்டாக நிற்கின்றன. அச்சின் வெப்பநிலை 90 டிகிரி. அழுத்தத்தைக் கூட்டியும் பயனில்லை. இதே முறையில் சில விநாடிகளுக்கு ஒன்றாகக் குறுந்தகடு (சிடி) வார்க்க முடிகிறபோது இது ஏன் வரவில்லை?

மறுமொழி 1:
குறுந்தகட்டின் குழி ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் அகலமும் 0.1 மைக்ரோமீட்டர் ஆழமும் கொண்டது. அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆழம். உங்கள் தூணோ விட்டத்தைப் போல் இரு மடங்கு உயரம். 300 டிகிரியில் வரும் உருகல் (உருகிய பிளாஸ்டிக்) 90 டிகிரிச் சுவரைத் தொட்ட சில மில்லிவிநாடிகளிலேயே மேல்தோல் இறுகிவிடுகிறது. அழுத்தம் முழுமையாக ஏறுவது அதற்குப் பிறகுதான் என்பதால், அதை எவ்வளவு கூட்டினாலும் இறுகிய தோலைத் துளைக்குள் தள்ள முடியாது. பாலிகார்பனேட் இளகும் எல்லை 145 முதல் 150 டிகிரி வரை. நிரப்பும் நேரத்தில் மட்டும் ஸ்டாம்பரின் முகத்தை அதற்கு மேல் ஏற்றி, பிறகு குளிர்விக்க வேண்டும். இதில் சுழற்சி நேரம் (ஒரு தகட்டை வார்த்தெடுக்க ஆகும் நேரம்) பல மடங்கு நீளும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே முதலில் ஸ்டாம்பருக்குப் பின்னால் மெல்லிய பாலிமைடு (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) படலம் வைத்துப் பாருங்கள். உருகலின் சூடு உடனே எஃகுக்குள் ஓடிவிடாமல் அது தடுக்கும். குறுந்தகட்டுக்கென்றே விற்கப்படும், எளிதில் ஓடும் பாலிகார்பனேட் வகையையும் சோதியுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. படலம் வைத்து, அச்சையும் 130 டிகிரிக்கு ஏற்றியதில் நடுப்பகுதியில் தூண்கள் முழுமையாக வந்துவிட்டன. ஆனால் ஓரங்களில் அவை சாய்ந்தும் அறுந்தும் கிடக்கின்றன.

மறுமொழி 2:
அது சுருக்கத்தின் வேலை. பாலிகார்பனேட் சுமார் 0.6 விழுக்காடு சுருங்கும்; நடுவிலிருந்து 25 மி.மீ. தள்ளியுள்ள ஓரம் அந்தக் கணக்கில் 150 மைக்ரோமீட்டர், அதாவது உங்கள் தூணின் விட்டத்தைப் போல் 750 மடங்கு, உள்நோக்கி நகரும். அதில் ஒரு சிறு பங்கு அச்சுக்குள்ளேயே நடந்தாலும் துளைக்குள் மாட்டியிருக்கும் தூண் அறுந்துவிடும். ஹோல்டிங் அழுத்தத்தை (அச்சு நிரம்பிய பிறகும் தொடர்ந்து கொடுக்கும் அழுத்தத்தை) சற்று நீட்டித்து, தகடு சுருங்கத் தொடங்குமுன், முகத்துக்குச் செங்குத்தாக நேராகப் பிரித்தெடுங்கள். அடுத்த ஸ்டாம்பரில் துளைகளை உள்ளே குறுகும்படி லேசாகச் சரிப்பது நல்லது. ஒட்டாமலிருக்க ஃபுளோரோசிலேன் பூசுவதானால், நிக்கலின் மேல் ஆக்சைடு அடுக்கு இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வெறும் நிக்கலில் அது நிலைத்துப் பிடிக்காது. அறுந்த துணுக்கு துளையை அடைத்துக்கொண்டால் அடுத்த ஷாட்டிலிருந்து (வார்ப்பிலிருந்து) அந்த இடம் மொட்டைதான். ஆகவே ஒவ்வொரு தகட்டையும் விளக்கின்கீழ் சாய்த்துப் பாருங்கள்: மையத்துக்கு மையம் 400 நானோமீட்டர் தள்ளித் தூண்கள் ஒழுங்காக நின்றால் நீலம் பளிச்சிடும், அறுந்த இடத்தில் அந்த நிறம் மங்கும். நுண்ணோக்கிக்கு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

மறுமொழி 3:
தடித்த தகடு கட்டாயமில்லை, தூண்கள் பதித்த மெல்லிய படலத்தை அடியில் ஒட்டிக்கொள்ளலாம் என்றால், உருளையிலிருந்து உருளைக்குப் படலத்தை ஓட்டி, புற ஊதா ஒளியில் பிசினை இறுகச் செய்யும் முறையையும் எண்ணிப் பாருங்கள். பிசின் நீர்மமாகவே துளைக்குள் இறங்குவதால் முன்கூட்டியே உறைந்துவிடும் சிக்கல் அதில் எழுவதில்லை. ஆனால் இறுகாமல் மிஞ்சும் பிசின் செல்களுக்கு நஞ்சாகலாம்; அதைக் கழுவி நீக்கிச் சோதிக்காமல் உற்பத்தியைத் தொடங்காதீர்கள்.