பார்மசி சேரும் முன் மெடிக்கலில் நின்ற நாட்கள்

தங்கச்சிமடத்திலிருந்து:

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் பி.பார்ம் என்னும் பார்மசி பட்டப்படிப்புதான் என்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் அது எப்படிப்பட்ட வேலை என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு கிடையாது. பாம்பனில் ஒரு மெடிக்கலில் ஆள் கேட்டார்கள், போய்விட்டேன்.

மருந்தைக் கையில் கொடுப்பது பார்மசிஸ்ட் அக்கா மட்டும்தான். பதிவு பெற்றவர்தான் கொடுக்கலாம் என்பது 1948 பார்மசி சட்டம். நான் ரேக்கிலிருந்து எடுத்து அக்கா முன்னால் வைப்பேன். புதுச் சரக்கைப் பில்லோடு ஒத்துப் பார்ப்பேன், தேதி முடியப்போவதை முன்னால் இழுத்து வைப்பேன். மாத்திரை அட்டையை வெட்டும்போது பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் கடையில் இருக்கும் துண்டில் நிற்க வேண்டும். இதைப் பழகவே ஒரு வாரம் ஆனது.

ஒருநாள் ஒரு வயதான அம்மா காலி அட்டையை நீட்டி, "ஏ தாயி, இதே மாத்திரையில பத்து குடு" என்றார். டெல்மிசார்ட்டன் 40 எடுத்து வைத்தேன். அக்கா காலி அட்டையைத் திருப்பி என் முன் வைத்து, "முழுசா வாசி" என்றார். பெயருக்குப் பின்னால் ஒரு 'ஹெச்' இருந்தது. பிரஷர் மருந்தோடு நீர் பிரியும் மருந்தும் சேர்ந்த மாத்திரை அது. அன்றிலிருந்து கடைசி எழுத்துவரை வாசிக்காமல் எதையும் நான் எடுத்ததில்லை.

இன்னொருவரை மறக்கவே முடியாது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் அந்த அண்ணன் ராத்தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒழுங்காக இன்சுலின் போட்டும் சர்க்கரை குறையவில்லை என்று வந்து நின்றார். அக்கா உடனே டோஸ் பற்றிப் பேசவில்லை. "மருந்த எங்கண்ணே வைக்கிறீங்க?" என்றார். "மீனு ஐஸ் பெட்டிலதாம்மா, நல்லா ஜில்லுனு இருக்கும்ல" என்றார் அவர். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், ஆனால் ஒருமுறை உறைந்துபோனால் உருகிய பிறகும் அதைப் போடக்கூடாது. அக்கா புதுசு ஒன்று கொடுத்து, பிரித்ததை வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும், 28 நாளுக்குள் முடித்துவிடுங்கள் என்று சொல்லி, டாக்டரையும் பார்த்துவரச் சொன்னார். மருந்து நல்ல மருந்துதான், போட்ட அளவும் சரி. வைத்த இடம்தான் தப்பு. அதை ஒரே கேள்வியில் அக்கா பிடித்ததைப் பார்த்தபோதுதான் இந்தப் படிப்பு எனக்கு வேண்டும் என்று உறுதியானது.

கலந்தாய்வில் இந்த அனுபவத்துக்கு மார்க் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆனாலும் ஒரு மாதமாவது போய் நில்லுங்கள். பார்மசிஸ்ட் உண்மையிலேயே உட்கார்ந்திருக்கும் கடையாகப் பார்த்துப் போங்கள். சர்டிபிகேட் மட்டும் சுவரில் தொங்கும் கடையில் தப்பான பழக்கம்தான் ஒட்டும்.

கீழக்கரையிலிருந்து:

தங்கச்சி சொன்னது சரி. நான் டி.பார்ம். என்னும் பார்மசி டிப்ளமோவில் சேரும் முன் 4 மாதம் கடையில் இருந்தேன். எனக்குக் கண் திறந்தது ஹெச்1 நோட்டில், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் கொடுக்க வேண்டிய சில மருந்துகளின் விற்பனையை எழுதி வைக்கும் நோட்டில். செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாதிரி மருந்து போனால் டாக்டர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுத வேண்டும், அந்த நோட்டு 3 வருஷம் கடையில் இருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் கேட்டுச் சத்தம் போடுபவரிடம், தெரிந்தவராகவே இருந்தாலும், "இல்ல மாமா, சீட்டு கொண்டாங்க" என்று எங்கள் கடை பார்மசிஸ்ட் அண்ணன் குரல் உயர்த்தாமல் சொல்வார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றேன்.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டி.பார்ம். 2 வருஷப் படிப்புக்குப் பிறகு 500 மணி நேரப் பயிற்சி, குறைந்தது 3 மாதம், தனியாக உண்டு. சேரும் முன் கடையில் நின்ற நாட்கள் அந்தக் கணக்கில் வராது. நானும் முதலிலிருந்துதான் செய்தேன். ஆனால் முதல் நாளே அட்டையை எப்படி வெட்டுவது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.