மறு: கிளி இரையைக் கக்குவதற்குத் தனிச்சொல் வேண்டுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பறவை விழுங்கிய இரையை மேலே கொண்டுவந்து ஊட்டுவதை ஆங்கிலத்தில் ‘ரிகர்ஜிட்டேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழையை முழுக்கப் படித்தேன். இதுவரை வந்திருப்பவை எதுக்களிப்பு, மீளுமிழ்வு, மீளூட்டல், கக்கூட்டல். கடைசிச் சொல்லைப் புணர்ச்சி விதிப்படி யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். அதை விட்டுவிடலாம்.

சொல்லுக்கு முன்னால் பறவையைப் பார்ப்போம். நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கிறார்களே, அந்தச் சின்னக் கிளி, பட்ஜி. கூண்டில் கண்ணாடி மாட்டியிருந்தால் ஆண் பறவை அதன் எதிரிலேயே குடியிருக்கும். கண்ணின் பாவை சட்டென்று சுருங்கும், விரியும், மறுபடி சுருங்கும். தலையை மேலும் கீழும் ஆட்டும், கழுத்தை நீட்டும், தீனிப்பையில் (கழுத்தடியில் இரையைச் சேர்த்துவைக்கும் பை) ஊறிக்கிடக்கும் தினையை அலகுக்குக் கொண்டுவந்து கண்ணாடியில் தெரியும் அலகின்மேல் பதமாக வைக்கும். வழவழப்போடு தினை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் கீச்சிட்டுக்கொண்டு விளையாடப் போய்விடும். இணைசேரும் காலத்தில் ஆண் பெண்ணுக்கு ஊட்டுவதும் இப்படித்தான், தாய் குஞ்சுக்கு ஊட்டுவதும் இப்படித்தான். ஜோடி இல்லாத பறவை அந்தப் பாசத்தைக் கண்ணாடியிடமோ, மணியிடமோ, வளர்ப்பவர் விரலிடமோ காட்டுகிறது.

வாந்தி வேறு. அதில் பறவை தலையைப் பக்கவாட்டில் உதறும். தானியம் கூண்டுக் கம்பியெல்லாம் தெறிக்கும், நெற்றி இறகிலும் கன்னத்திலும் ஒட்டிக் காய்ந்துபோகும், சில நேரம் புளித்த வாடை வரும். பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் சுருண்டு உட்கார்ந்திருக்கும். தீனிப்பையில் கிருமித்தொற்று, பூஞ்சை, டிரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணி, துத்தநாகப் பூச்சு போட்ட கம்பியைக் கடித்ததால் ஏறிய நஞ்சு, பெரிய கிளிகளில் முன்வயிற்றைத் தளர்த்திவிடும் போர்னா வைரஸ் நோய் என்று காரணங்கள் நீளும். எதுவும் வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

ஆகவே என் கட்சி இது: முதலாவதற்கும் இரண்டாவதற்கும் ஒரே சொல்லைப் போடக் கூடாது. போட்டால், பாசமாக ஊட்டும் பறவைக்கு மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பவரும் இருப்பார், நஞ்சேறிய பறவையைப் பார்த்து ‘ஆசையில் கக்குகிறது’ என்று சிரிப்பவரும் இருப்பார்.

எதுக்களிப்பு நல்ல சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. நெஞ்செரிச்சலோடு புளித்த நீர் மேலே வருவதையும், பால் குடித்த குழந்தைக்கு வாயோரம் வழிவதையும் அது குறிக்கிறது. அதில் விருப்பம் என்பதே இல்லை, தானாக வருவது. மீளுமிழ்வில் துப்புகிற தொனி இருக்கிறது. மீளூட்டல் காதுக்கு இனிமை என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இனிமைதான். ஆனால் பட்டினி கிடந்தவருக்கு மறுபடி உணவு தொடங்குவதை யாராவது அப்படிச் சொல்ல வந்தால் அவரிடமிருந்து பிடுங்க முடியாது.

நான் முன்வைப்பது கக்கியூட்டல். வினையாக வேண்டுமென்றால் ‘கக்கி ஊட்டு’ என்று பிரித்தே எழுதலாம்.

இலக்கணமே இங்கே துணைக்கு வருகிறது. வாந்தி எடுப்பதும் கக்குவதும் ‘மேல்’ என்று இடத்தைத்தான் கேட்கும்: சட்டைமேல் கக்கியது. ஊட்டுவது ‘கு’ உருபைக் கேட்கும்: கண்ணாடிக்குக் கக்கி ஊட்டியது. பெறுபவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அந்த ‘கு’வே சொல்லிவிடுகிறது. வளர்ப்பவர் தன் பறவை செய்வதை ‘மேல்’ போட்டுச் சொல்கிறாரா, ‘கு’ போட்டுச் சொல்கிறாரா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கண்ணாடி சாப்பிடாது, அப்புறம் எப்படி ஊட்டல் ஆகும் என்று கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் பொம்மைக்குச் சோறு ஊட்டுவதில்லையா? ஊட்டுபவர் நினைப்புதான் வினையைத் தீர்மானிக்கிறது.

‘கக்கி’ அருவருப்பாக இருக்கிறது என்ற மறுப்பையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை பால் கக்கியது என்று எந்தத் தாயும் முகம் சுளிக்காமல் சொல்கிறாள். எரிமலை நெருப்பைக் கக்குகிறது, கதையில் பாம்பு மாணிக்கத்தைக் கக்குகிறது. அருவருப்பைக் கழுவுகிறேன் என்று இறங்கினால் யாருக்கும் புரியாத சொல்தான் மிஞ்சும். நம் குழுவுக்கு அது கைவந்த கலை என்பது தெரிந்ததே.

புறாவை எங்கே வைப்பது என்ற கேள்வியும் வந்தது. புறா, தன் தீனிப்பைச் சுவரே சுரந்து உதிர்க்கும் கொழுப்பும் புரதமும் நிறைந்த கூழைக் குஞ்சுக்குக் கொடுக்கிறது. பொருள் வேறு, கொடுக்கும் செயல் ஒன்றே. அந்தக் கூழுக்குத் தீனிப்பைப் பால் என்றும், கொடுப்பதற்குக் கக்கியூட்டல் என்றும் வைத்தால் இரண்டும் இடிக்காது.

அகராதிப் பதிவுக்கு வரைவு கீழே. எடுத்துக்காட்டில் பச்சைக்கிளியைத் தவிர்த்திருக்கிறேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம், நம் பதிவு அதற்கு உடந்தையாக வேண்டாம்.

கக்கியூட்டல் (பெ.): பறவை தன் தீனிப்பையில் உள்ள செரிக்காத இரையையோ தீனிப்பைப் பாலையோ வேண்டுமென்றே மேலே கொண்டுவந்து இணைக்கோ குஞ்சுக்கோ அவற்றுக்கு ஈடாகக் கருதும் பொருளுக்கோ ஊட்டுதல். ‘கண்ணாடியை எடுத்த பிறகு பட்ஜியின் கக்கியூட்டல் குறைந்தது.’ ஒப்பிடுக: எதுக்களிப்பு, வாந்தி.

பதிவோடு ஒரு குறிப்பும் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். அடிக்கடி நடந்தால் திட்ட வேண்டாம், கூண்டைத் தட்டவும் வேண்டாம். கண்ணாடியை அகற்றுவது, முதுகையும் வாலடியையும் தடவாமல் தலையோடு நிறுத்திக்கொள்வது, கூடு போலிருக்கும் இருட்டு மூலைகளை அடைப்பது, இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூங்கவிடுவது, இவை போதும். எடை குறைந்தாலோ முகத்து இறகு நனைந்திருந்தாலோ அன்றே பறவை மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

இதய வால்வில் ரத்தம் பின்னோக்கிப் போவதற்கும் ஆங்கிலத்தில் ‘ரிகர்ஜிட்டேஷன்’ என்ற இதே சொல்தான். அதைப் பின்கசிவு என்று வைத்து மருத்துவ இழைக்கு அனுப்பிவிடலாமா? இங்கே கலந்தால் குழப்பம்தான்.