எல்லாரும் அதே சென்சார் குப்பைத்தொட்டிதான் கொண்டு வர்றாங்க, என்ன பண்ணலாம்?

எங்க ஸ்கூல்ல அடல் டிங்கரிங் லேப் (பிள்ளைங்க தாங்களே பொருள் செஞ்சு பாக்குறதுக்கான அரசுத் திட்ட லேப்) இருக்கு, 3டி பிரிண்டர், ஆர்டுயினோன்னு புரோகிராம் பண்ற சின்ன சர்க்யூட் போர்டு எல்லாம் இருக்கு. ஊர்ப் பிரச்சனைக்கு ஏதாவது செய்ங்கன்னு 8ஆம் கிளாஸ் பிள்ளைங்ககிட்ட சொன்னா யூடியூப் பாத்துட்டு தானா திறக்குற குப்பைத்தொட்டியோட வந்து நிக்கிறாங்க. சொந்தமா யோசிக்க வைக்க எங்க ஆரம்பிக்கணும்?

பதில் 1:
டீச்சர், முதல் ரெண்டு வாரம் லேபைத் திறக்காதீங்க. நான் பசங்கள நாலு நாலு பேரா தெருக்குழாய்க்கு அனுப்பினேன், கையில நோட்டு மட்டும், எதையும் சரி பண்ணக் கூடாது, பாத்து எழுதணும் அவ்ளோதான். ஒரு பொண்ணு எழுதிட்டு வந்தா, பாட்டி குடம் நிறைஞ்சும் கிளம்பல, இடுப்புல ஏத்திவிட ஆள் வருமான்னு பாத்துட்டே நிக்கிறாங்கன்னு. நாங்க தண்ணி வரலைங்கறதுதான் பிரச்சனைன்னு நெனச்சிருந்தோம்! கடைசில செஞ்சது குடம் வைக்க ஒரு மரமேடை. முதல்ல செஞ்சது உயரம்னு பாட்டியே சொன்னாங்க, அறுத்துக் குறைச்சோம். சென்சாரே இல்ல.

பதில் 2:
ஸ்கூல் படிக்கும்போதே சோலார் இஸ்திரி வண்டிய உருவாக்கின திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் கதைய கண்டிப்பா சொல்லுங்க. தெருவுல இஸ்திரி போடுறவர் எரிஞ்ச கரிய தூக்கிப் போடுறத பாத்துதான் அந்த யோசனையே வந்துச்சு, 2021ல கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுல பேசினாங்க.

பதில் 3:
மார்க் போடும்போது மாடலுக்கு மட்டும் போடாதீங்க ப்ளீஸ், எத்தனை பேர்கிட்ட பேசினாங்க, எத்தனை தடவ மாத்தினாங்கன்னும் பாருங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. திங்கக்கிழமை ரேஷன் கடை வரிசைக்கு நோட்டோட கூட்டிட்டுப் போறேன்.