பழைய போட்டோவை வைத்து ஸ்டேஷன் கட்டடத்தின் அளவு எடுப்பது எப்படி?

பெட்டிவண்டி:
மதுரை–போடி மீட்டர்கேஜ் லைனில் தாத்தா வேலை பார்த்த ஒரு சின்ன ஸ்டேஷனை 1:87 அளவில் மாடலாகச் செய்து பார்க்கிறேன். 2010 கடைசியில் லைனை மூடியபிறகு அந்தக் கட்டடம் போய்விட்டது, கையில் மிச்சம் ஒரே ஒரு கருப்பு வெள்ளை போட்டோதான். பிளாட்பார முனையில் நின்று லைன் போகிற திசையிலேயே பார்த்து எடுத்தது. இடது பக்கம் தண்டவாளம், வலது பக்கம் ஓட்டுக்கூரைக் கட்டடம், வராந்தாவில் தாத்தா. மீட்டர்கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 1,000 மில்லிமீட்டர்தானே என்று படத்தின் அடியில் தண்டவாளம் தெளிவாகத் தெரிகிற இடத்தில் அளந்தேன், 75 பிக்சல். கதவு 97 பிக்சல். கணக்குப் போட்டால் கதவு நாலேகால் அடிதான் வருகிறது, தாத்தா தவழ்ந்தா போயிருப்பார்?

ஒண்டிக்கம்பம்:
அளவுகோல் சரி, வைத்த இடம்தான் தப்பு. படத்தின் அடியில் இருக்கிற தண்டவாளம் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கதவு தள்ளி இருக்கிறது. தண்டவாளத்தோடு அப்படியே உள்ளே போய், கதவுக்கு நேர் எதிரே வருகிற இடத்தில் குறுக்கே அளந்து பாருங்கள். தண்டவாளத் தலையின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு. உயரத்துக்கும் கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவர் அகலத்துக்கும் இது போதும். நீளத்துக்கு ஆகாது, அந்தப் பக்கம்தான் சுருங்கித் தெரியுமே.

பெட்டிவண்டி:
அட, 46 பிக்சல் வருகிறது! அப்படியென்றால் கதவு 2.11 மீட்டர்.

ஒண்டிக்கம்பம்:
அப்போ 7 அடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1928ல் போட்ட லைன் அது. நம் ஊரில் மெட்ரிக் சட்டமே 1956ல்தான் வந்தது, அதனால் கொத்தனார் கையில் இருந்தது அடிக்கோல்தான். 3.6 மீட்டர் சொச்சம் என்று ஓர் அறை வந்தால் அது 12 அடி, யோசிக்கவே வேண்டாம். உங்கள் மாடலில் 42 மில்லிமீட்டர்.

செங்கல்சூளை:
சுவரில் எங்காவது காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறதா? பழைய கல் காரையோடு சேர்த்து 9 அங்குலம், நாலரை, மூன்று. அதனால் நாலு வரிக்கு ஏறக்குறைய ஓர் அடி. ஒரு வரியை அளக்காதீர்கள், தெரிகிற அத்தனை வரியையும் மொத்தமாக அளந்து வகுங்கள். ஒரு பிக்சல் பிசகினாலும் பாதிக்காது.

நீளத்துக்கு ஓட்டை எண்ணுங்கள். மங்களூர் ஓடுதானே? தூரத்தில் சிறுத்துத் தெரிந்தாலும் எண்ணிக்கை மாறாது பாருங்கள், அதுதான் இதில் அழகு. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு பிடிக்கும், ஆனால் அந்தக் கணக்கை நம்புவதைவிட ஊரில் யார் வீட்டிலாவது ஏணி போட்டு, பக்கவாட்டில் பத்து ஓடு எவ்வளவு தூரம் வருகிறது என்று டேப் பிடித்து அளந்துவிடுங்கள். தாத்தா உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். போட்டோவுக்கு நிற்கும்போது எல்லோரும் ஒரு அங்குலம் வளர்வார்கள்.

அட்டைக்கத்தி:
வெட்டுவதற்கு முன்னால் சும்மா பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒன்று ஒட்டிவிட்டு, போட்டோ எடுத்தவர் நின்ற இடத்தில் போனை வைத்துப் படம் எடுத்துப் பழைய போட்டோவோடு ஒப்பிடுங்கள். கண் உயரம் 5 அடி என்றால் மாடலில் 17, 18 மில்லிமீட்டர், அதனால் போனைத் தலைகீழாகப் பிடித்தால்தான் லென்ஸ் அவ்வளவு கீழே வரும். எனக்குப் போன தடவை சுவரெல்லாம் கச்சிதமாக வந்தது, கூரைச் சரிவுதான் காலை வாரியது.

பெட்டிவண்டி:
அட்டையில் ஒட்டிப் பார்த்துவிட்டேன். எனக்கும் கூரைதான், முகடு கிட்டத்தட்ட 2 அடி தூக்கலாக நிற்கிறது. ஓடு 61 வரிசை எண்ணினேன், அப்பா 63 என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக் கூரையில் ஏறப்போகிறோம்.